ஓரத்து மஞ்சள்

டீச்சரம்மா முதல் தடவை கொண்டுவந்த படத்துக்கு நான் தலைகீழாகக் கொக்கி அடித்துவிட்டேன்.

புத்தூர் பஜாரில் அப்போது எனக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. சாமி படம், கல்யாணப் படம், காலமானவர்கள் படம், இவைதான் வரும். எதிலும் மேல் எது, கீழ் எது என்ற சந்தேகம் வராது. அவர் கொண்டுவந்தது ஒரு ஹார்ட்போர்டு பலகை. பாதிக்கும் அதிகமாக அடர் பச்சை. மிச்சத்தில் இரண்டு சிவப்பு முக்கோணங்கள், குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு. ஆள் இல்லை, மாடு இல்லை, வீடு இல்லை. கையெழுத்துகூட இல்லை. அவர் போனபிறகு நானே ஒரு முடிவுக்கு வந்து, பச்சையை மேலே வைத்துக் கொக்கி அடித்தேன்.

மறுவாரம் வந்தவர் சுவரில் சாய்த்திருந்த படத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு இன்னொரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"தலகீழா மாட்டிட்ட தம்பி."

"ஐயோ, எது மேலன்னு தெரியலம்மா."

"நீ இன்னான்னு நெனச்சி மாட்டின?"

"பச்சய மரம்னு நெனச்சேன். மரம் மேலதான இருக்கும்?"

"அது மரம் இல்ல."

"அப்ப அது இன்னாம்மா?"

"பச்ச," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. குழந்தைக்கு வழி காட்டுவது போலச் சொன்னார். கொக்கியைப் பிடுங்கி மறுபக்கம் அடித்துக் கொடுத்தேன். பச்சை கீழே போனதும் அந்தச் சிவப்பு முக்கோணங்கள் இரண்டும் சட்டென்று எழுந்து நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொன்னேன். முதல் தடவையாகச் சிரித்தார்.

இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஒன்றில் அவர் டிராயிங் டீச்சர். ஊரே அப்படித்தான் கூப்பிட்டதால் நானும் டீச்சரம்மா என்பேன். உயரமாக, ஒல்லியாக இருப்பார். வலது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் எந்நேரமும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிச்சாட்டூர் பக்கம் ஏரிக்கரை ஊர் ஒன்றில் விவசாயக் குடும்பம். அங்கிருந்து மெட்ராஸுக்குப் போய் ஓவியம் படித்தவர் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் தன்னைப்பற்றி எதுவும் சொல்லமாட்டார்.

நடுவில் சதுரமாக ஓட்டை வெட்டிய ஒரு போஸ்ட் கார்டு எப்போதும் அவர் கைப்பையில் இருக்கும். கடைக்கு எதிரில் நின்றுகொண்டு அதன் வழியாக எதையாவது பார்ப்பார். மிளகாய் காயப்போட்ட தார்ப்பாய், பஸ்ஸின் பக்கவாட்டு, நகரியிலிருந்து வந்து இறங்கும் சேலை மூட்டைகள். என்னிடமும் ஒருநாள் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

"இன்னா தெரியுது?"

"பஸ்சு."

"பஸ்ச வுடு. இன்னா தெரியுது?"

நான் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "செவப்பு. அதும்மேல ஒரு வெள்ளப் பட்ட," என்றேன்.

"ஆங். இப்பத்தான் பாக்கற."

எங்கள் ஊரில் ஒரு படத்தைப் பார்த்தால் யாராயிருந்தாலும் முதலில் கேட்பது 'இது இன்னா?' என்றுதான். அந்தக் கேள்விக்கு அவர் ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை. வட்டத்தைக் காட்டி நிலாவா என்றால் வட்டம் என்பார். முக்கோணத்தைக் காட்டிக் கோபுரமா என்றால் முக்கோணம் என்பார். சித்தூரில் ஒரு கண்காட்சிக்கு இரண்டு படம் கொடுத்திருந்தார். நடத்தியவர்கள் ஆரஞ்சு வட்டம் இருந்த படத்துக்குக் கீழே 'சூரியோதயம்' என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். இவர் போய் அந்தச் சீட்டைக் கிழித்துக் கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மறுவருஷம் அவரை யாரும் கூப்பிடவில்லை.

அது திமிர் என்று பேசினவர்கள் உண்டு. எனக்குமே ஒருமுறை அவர்மேல் கோபம் வந்தது. அது திருப்பதியில் நடந்தது.

திருப்பதியில் அப்போது தெருவுக்குத் தெரு புது லாட்ஜ்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அறைகளுக்கு மாட்ட வேண்டிய வெங்கடேசப் பெருமாள் படங்களுக்கெல்லாம் சட்டம் போட்டுக் கொடுத்த வகையில் ஒரு முதலாளி எனக்குப் பழக்கம். தரையெல்லாம் பளிங்கு போட்டவர், ரிசப்ஷன் சுவருக்கு மட்டும் ஏதாவது ஃபாரின் மாதிரி வேண்டும் என்றார். நான் டீச்சரம்மாவைப்பற்றிச் சொன்னேன். நாலு படங்களைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம்.

முதலாளி மூன்று படங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நாலாவதைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது. சாம்பல் நிறப் பரப்பின்மேல் நெட்டுக்குத்தாக இரண்டு வெள்ளைப் பட்டைகள், நடுவில் ஒரு சிவப்புப் பட்டை. அவ்வளவுதான் அந்தப் படம். முதலாளி செருப்பைக் கழற்றினார். கைகூப்பினார்.

"அம்மா, இதி சுவாமி நாமமே கதா!" என்றார். இது சாமி நாமம்தானே என்கிறார்.

"காதண்டி," என்றார் டீச்சரம்மா. "தெல்ல, எர்ர, தெல்ல. அந்தே."

இல்லைங்க, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, அவ்வளவுதான் என்கிறார். திருப்பதியில் நின்றுகொண்டு சொல்கிறார். ஆனால் அந்த மனுஷர் கோபப்படவில்லை.

"மீகு தெலியகுண்டானே ஆயன வச்சேசாரம்மா," என்றார். உங்களுக்குத் தெரியாமலே அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நாலையும் எடுத்துக்கொள்கிறேன், நாமப் படம் ரிசப்ஷனில், தினமும் பூ வைக்கிறேன் என்றார்.

டீச்சரம்மா அந்தப் படத்தைத் திரும்பவும் போர்வையில் சுற்றினார். மற்ற மூன்றை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், இதைத் தரமாட்டேன் என்றார். இது இல்லாமல் எதுவும் வேண்டாம் என்றார் முதலாளி. நாலையும் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினோம்.

பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரேணிகுண்டா தாண்டியதும் அவராகவே ஆரம்பித்தார்.

"கோவமா தம்பி?"

"அவுரு கும்புட்டாரு. கும்புட்டா உங்குளுக்கு இன்னா போச்சி? மனுசனுக்கு வட்டத்தப் பாத்தா நெலா தோணாதா?"

"தோணட்டும். தோணினதும் இன்னா ஆவுது? நெலாவப் பாக்க ஆரம்பிச்சிடற. எதுருல இருக்கறதப் பாக்கறத வுட்டுடற. அவுரு இனிமே அந்தப் படத்தப் பாக்கவே மாட்டாரு தம்பி. தெனம் பூ வெப்பாரு, பாக்கமாட்டாரு." போர்வை மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "செவப்ப சும்மா வுட்டா முன்னால வந்து நிக்கும். நீலம் பின்னால போய்க்கினே இருக்கும். ரெண்டயும் ஒரே எடத்துல நிக்க வெக்கறதுக்குள்ள எனுக்கு உசுரு போவுது. அதயாவது ஒருத்தரு பாக்கலாமில்ல?"

பார்ப்பதற்கு ஒருவன் இருந்தான். அவருடைய மகன் முரளி.

அந்த வருஷங்களில் என் கடைக்கு வரும் படங்களே மாறிக்கொண்டிருந்தன. பட்டம் வாங்கிய பையன்களின் சான்றிதழ்களுக்குச் சட்டம் போடச் சொல்வார்கள். அடுத்த வருஷம் அதே பையன் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கும் படம் வரும். அப்பாக்கள் அதைப் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள். தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. முரளிக்கும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. சனிக்கிழமை விடிகாலையில் பஸ்ஸில் வந்து இறங்குவான். ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவான்.

டீச்சரம்மாவின் கணவர் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை போடும் வேலையில் இருந்தவர். பெரிய உடம்பு, மெத்தென்ற குரல். ஆலையை மூடிய பிறகு வீட்டோடு இருந்தார். மனைவியின் படங்களைப்பற்றிக் கேட்டால், "எம்பொண்டாட்டி டப்பா டப்பாவா போடுவா, சூப்பரா இருக்கும்," என்பார். பெருமையாகத்தான் சொல்வார். ஆனால் நின்று பார்த்து நான் கண்டதில்லை.

முரளி அப்படியில்லை. பையை இறக்கி வைத்ததும் காபிக்கு முன்னால் கூடத்துக்குப் போவான். அம்மா அந்த வாரம் என்ன போட்டிருக்கிறார் என்று பார்ப்பான். "அம்மா, இந்த ஊதா மேல ரொம்ப இடிக்குதும்மா. கொஞ்சம் எறக்கு," என்பான். இது என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. டீச்சரம்மா சண்டை போடுவார். உனுக்கு இன்னாடா தெரியும் என்பார். அடுத்த சனிக்கிழமை ஊதா இறங்கியிருக்கும்.

நான் ஒருமுறை சட்டத்துக்கு அளவெடுக்கப் போனபோது இருவரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஒரு பழுப்பு நிறக் கோடு தேவையா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அப்பாக்காரர் சமையல்கட்டிலிருந்து, "வந்து துன்னுட்டு சண்ட போடுங்களேம்பா," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த வீடு எனக்கு எப்போதும் அப்படித்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குப்பின் நடந்ததை நினைக்காமல் இருந்தால்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், பலமனேர் தாண்டி மலை இறக்கத்தில், நின்றிருந்த லாரியின்மேல் பஸ் மோதியது. முன்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் முரளியும் ஒருவன்.

மதியத்துக்குமேல் கொண்டுவந்தார்கள். தெரு முழுக்க ஜனம். அப்பாக்காரர் மண்ணில் புரண்டு அழுதார். நாலு பேர் சேர்ந்தும் அவரைப் பிடிக்க முடியவில்லை. டீச்சரம்மா அழவில்லை. யாரோ பையன்மேல் பூப்போட்ட போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். அவர் உள்ளே போய் ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துவந்து, போர்வையை உருவிவிட்டு, அதைப் போர்த்தினார். ஓரங்களைச் சமமாக இழுத்துவிட்டார். பிறகு சுவரோரம் போய் நின்றுகொண்டார். கல் நெஞ்சுக்காரி என்று பெண்கள் பேசியது என் காதில் விழுந்தது.

படம் போட அப்பாக்காரர்தான் என்னிடம் வந்தார். கம்பெனியில் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்திருந்த அட்டையில் இருந்த படம். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன். மனுஷர் பாதியாகியிருந்தார். சோறு இறங்கவில்லை, தட்டை நகர்த்திவிடுகிறார் என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி சொன்னாள். நான் கொண்டுபோன படத்தை அவர் கையில் வாங்கினார், பார்த்தார், உடனே கவிழ்த்து வைத்துவிட்டார்.

"இது அவன் இல்ல தம்பி. ஆபீசுக்குப் போற எவனோ," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "வா, அவன் எங்க இருக்கான்னு காட்டறேன்."

அங்கே சுவரில் ஆள் உயரப் பலகை ஒன்று சாய்ந்திருந்தது. டீச்சரம்மா கடைசியாகப் போட்டுக்கொண்டிருந்த படம். இடப்பக்கம் பெரிய நீலச் செவ்வகம், இருட்டப்போகும் நேரத்து நீலம். வலப்பக்கத்திலும் கீழேயும் மூன்று விதமான சாம்பல். நடுவே ஒடுக்கமான பழுப்புப் பட்டை. வலது கீழ்மூலையில், விளிம்பை ஒட்டினாற்போல், உள்ளங்கை அளவுக்கு ஒரு மஞ்சள் சதுரம்.

அப்பாக்காரர் அதன்முன் மண்டியிட்டு அந்த மஞ்சளை விரலால் தொட்டார்.

"பஸ்சு ஜன்னலு. லைட்டு எரியுது பாரு. ஓரமா ஒக்காந்துகினு வரான். வந்துக்கினே இருக்கான்."

டீச்சரம்மா சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தார்.

"அது ஜன்னல் இல்லிங்க," என்றார்.

"நீ சும்மா இருமே."

"அவன் போறதுக்கு முன்னாடியே போட்டது. வெறும் சதுரம். அதுவும் சரியா வரல, நான் எடுக்கறதா இருந்தேன்."

அவர் எழுந்தார். அந்த மனிதர் குரல் உயர்த்தி நான் அன்றுதான் கேட்டேன்.

"எடுப்பியா? எடுத்துடுவியா? ஒனுக்குத் தெரியாமலே வந்து ஒக்காந்துகினு இருக்கான். பெத்தவளுக்குக் கண்ணு தெரியல! ஒரு சொட்டுத் தண்ணி வந்துச்சாமே ஒங்கண்ணுலருந்து? இவன எடுத்தின்னா என்னயும் எடுத்துப் போட்டுடு!"

அவருடைய உடம்பெல்லாம் ஆடியது. உறவுக்காரப் பெண் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். டீச்சரம்மா உள்ளே போய் ஒரு தட்டில் ரசஞ்சாதம் கொண்டுவந்து அந்தப் பலகைக்கு முன்னால் தரையில் வைத்தார். அப்பாக்காரர் விசும்பிக்கொண்டே உட்கார்ந்தார். மஞ்சளைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு இன்னொரு வாய். தட்டு காலியாகும்வரை டீச்சரம்மா நின்றுகொண்டே இருந்தார்.

சில நாள் கழித்து டீச்சரம்மா தனியாக என் கடைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். வழக்கமாக உட்காரமாட்டார், அன்று உட்கார்ந்தார்.

"அந்தப் பலகைக்குச் சட்டம் போடணும். கண்ணாடி வெச்சி."

அவர் தன் படங்களுக்குக் கண்ணாடி கேட்டதே இல்லை. எதிரில் இருப்பவன் முகம்தான் தெரியும் என்பார்.

"கண்ணாடியாம்மா?"

"ஆமா. பின்னாடி நல்லா இறுக்கி அடிச்சிடு. எங்கையி சும்மா இருக்காது." பிறகு, நான் கேட்காமலே, சொன்னார்: "கடேசி ஞாயித்துக்கெழம, பைய தோள்ல மாட்டிக்கினு கெளம்பி நின்னான். அப்ப சொன்னான் தம்பி. அம்மா, அந்த மஞ்ச வேணாம்மா, அது இருக்கறதால நீலம் நிக்கவே மாட்டேங்குது, எல்லாம் அந்த மூலைக்கு ஓடுதுன்னான். போடா, அது இல்லன்னா படமே தூங்கிடும்னேன். எடுத்துட்டுப் பாரும்மான்னு சொல்லிட்டுப் போய்ட்டான். அந்த வாரம் பூரா பாத்தேன். அவன் சொன்னதுதான் சரி. வெள்ளிக்கெழம சாம்பல் கலந்து வெச்சேன். காலைல வந்துடுவான், அவன் எதுருலயே அடிச்சிக் காட்லாம்னு மூடி வெச்சேன்."

நான் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"அவுருக்கு அதுல அவன் இருக்கான். எனுக்கு, அவன் வேணாம்னு சொன்னது இருக்குது. தெனம் பாக்கறேன். தப்பாவே நிக்குது. எடுத்துட்டா அவன் சொன்னதக் கேட்டா மாதிரி இருக்கும். எடுத்துட்டா இவுரு பொழைக்கமாட்டாரு." புடவைத் தலைப்பால் கட்டைவிரல் நகத்தை அழுந்தத் தேய்த்தார். அதில் நிறம் எதுவும் இல்லை. "கண்ணாடி போட்டுடு தம்பி."

நல்ல கனமான கண்ணாடியாக அறுத்து, பின்பக்கம் நெருக்கமாக ஆணி அடித்து, கூடத்தில் மாட்டிக் கொடுத்தேன்.

அந்தப் படம் அதன்பின் வேறொன்றாகிவிட்டது. அப்பாக்காரர் நாற்காலியை அதற்கு எதிரில் போட்டுக்கொண்டார். அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் பேப்பர். மழை வருகிறது, பால்காரன் வரவில்லை என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பார். மனுஷர் தேறினார். மறுபடி உடம்பு வைத்தது. உறவுக்காரர்கள் வந்தால் குழந்தைகளைத் தூக்கி அந்த மூலையைக் காட்டுவார்கள். பண்டிகை நாட்களில் அந்த இடத்தில் கண்ணாடியின்மேல் குங்குமம் இருக்கும். "பையன எவ்ளோ அழகா போட்டிருக்கீங்க டீச்சர்," என்று வந்தவர்கள் சொல்வார்கள்.

"ம்," என்பார் டீச்சரம்மா.

சீட்டைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு வந்தவர் அந்த ஒரு 'ம்'முக்கு வந்து நின்றதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்யும். சட்டம் போட அவர் எந்தப் படமும் கொண்டுவருவதில்லை. பஜாரில் பார்த்தால் நின்று பேசுவார். கைப்பையிலிருந்து அந்த போஸ்ட் கார்டை எடுத்து நான் பிறகு பார்த்ததில்லை. கூடத்தைத் தாண்டிப் போகும்போது தரையைப் பார்த்துக்கொண்டே போவார். ஒருநாள் மெதுவாகக் கேட்டேன், வேற எதுனா போடக் கூடாதாம்மா என்று.

"எத போட்டாலும் அதுல அவனத் தேடுவாங்க தம்பி. அவன எல்லாரும் தேடட்டும். எனுக்கு அவன்கிட்டக் காட்டணும். அவ்ளோதான்."

அப்பாக்காரர் பல வருஷம் இருந்தார். கடைசியில் சர்க்கரை வியாதி சிறுநீரகத்தில் போய் நின்றது. திருப்பதியில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். நான் போயிருந்த அன்று கொஞ்சம் தெளிவாக இருந்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனப் பாத்துக்கோமே," என்றார். எவனை என்று டீச்சரம்மா கேட்கவில்லை. "பாத்துக்கறேன், தூங்குங்க," என்றார். அந்த வாரத்திலேயே அவர் போய்விட்டார்.

அதற்குப்பிறகும் வெகுநாள் அந்தப் படம் அப்படியேதான் இருந்தது. எதிரில் நாற்காலியும் இருந்தது.

டீச்சரம்மா மறுபடி என்னைக் கூப்பிட்டனுப்பியபோது எனக்கே தலை நரைத்துவிட்டது. ஒரு மத்தியான நேரம். அவருடைய கண்கள் பழுதாகிக்கொண்டிருந்தன. கறுப்புக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, படத்துக்கு வெகு அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதிதாக வாங்கிய சின்னச் சின்ன பெயின்ட் டப்பாக்கள்.

"டாக்டர் ஆபரேசன் செஞ்சாலும் முன்னமாதிரி வராதுன்னுட்டாரு. இப்பவே நீலத்துக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் கொறஞ்சிக்கினே போவுது. இன்னும் கொஞ்ச நாளு போனா என்னால கலக்க முடியாது தம்பி. படத்துக் கண்ணாடிய எடுத்துடு."

நான் படத்தை இறக்கித் தரையில் கவிழ்த்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கண்ணாடியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தேன். இத்தனை வருஷம் மூடிக்கிடந்ததில் மஞ்சள் மங்கவே இல்லை, நேற்று அடித்தது போல் இருந்தது.

அவர் ஒரு தகரத் தட்டில் வெள்ளையும் கறுப்பும் கலந்து, நீலம் ஒரு சொட்டு, சிவப்பு ஒரு சொட்டு விட்டுக் குழைத்தார். பலகையின் ஓரத்தில் தொட்டு வைத்து என்னைக் கேட்டார்.

"பக்கத்துச் சாம்பலோட சேருதா?"

"கொஞ்சம் கறுப்பு கம்மியா இருக்குதும்மா."

கறுப்பைத் தொட்டுக் கலந்தார். மறுபடி கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் என்றேன். அப்படியே சேர்ந்து வந்தது. தூரிகையைத் தோய்த்துக்கொண்டு மஞ்சளின் முன்னால் உட்கார்ந்தவர், அப்படியே இருந்தார்.

"அவுரு கோச்சிக்குவாரா தம்பி? பாத்துக்கறேன்னு சொன்னனே."

"தெரியலம்மா," என்றேன்.

அவர் அடிக்க ஆரம்பித்தார். மேலிருந்து கீழே, ஒரே சீராக. முதல் பூச்சில் மஞ்சள் உள்ளேயிருந்து தெரிந்தது. அந்தப் பூச்சு காயும்வரை காத்திருந்தோம். இரண்டாவது பூச்சில் அது போய்விட்டது.

பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன். இருவரும் பின்னால் நகர்ந்து சமையல்கட்டு வாசல்வரை போய் நின்று பார்த்தோம். எனக்குப் படம் பார்க்கத் தெரியும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று பார்த்தேன். அந்த மூலைக்குச் சரிந்து ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் நின்றுவிட்டது. நீலம் தன் இடத்தில் அமர்ந்துவிட்டது. மூன்று சாம்பலும் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. அந்த வீடே சற்று அமைதியான மாதிரி இருந்தது.

டீச்சரம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு இன்னொரு கண்ணை.

"சரியா வந்துட்சி," என்றார்.

அப்படிச் சொல்லிவிட்டு, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார், யாரையோ கூப்பிடப் போகிறவர் போல. வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார். மகன் செத்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. நெஞ்சிலிருந்து, சத்தமாக, சின்னப் பிள்ளைகள் அழுவதுபோல. தூரிகை கையில் இருந்தது. புடவையெல்லாம் சாம்பல் நிறம் பட்டுக்கொண்டிருந்தது. தூரிகையை வாங்கி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"அவன் சொன்னதுதான் தம்பி சரி," என்றார் அழுகையினூடே. "அவன் சொன்னதுதான் சரி. யாராவது அவன்கிட்டச் சொல்லுங்களேன்."